தலைமைப் பாணியும் பணி மனநிறைவும்: துறைத் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு பள்ளியின் தாய்மொழித் துறைக்கோ, ஒரு சரக்குக் கிடங்கின் இரவு அணிக்கோ, சிராங்கூன் சாலையில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு குடும்ப வணிகத்துக்கோ புதிதாகப் பொறுப்பேற்றிருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் எட்டு ஆண்டுகள் பள்ளியில் கற்பித்து, அவற்றுள் கடைசி மூன்று ஆண்டுகள் துறையை வழிநடத்தி, பின்னர் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு மாறியவன். பள்ளியில் எல்லாவற்றையும் கலந்து பேசியே முடிவெடுப்பதாக நினைத்துக்கொண்டு, ஆசிரியர்களின் மாலை நேரத்தைக் கூட்டங்களால் நிரப்பினேன். நிறுவனத்தில், வேலை தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒதுங்கி நின்று, யாருக்கு எந்த வேலைநேரம் என்ற சச்சரவை அவர்களுக்குள்ளேயே வளரவிட்டேன். இரண்டு இடங்களிலும் என் எண்ணம் நல்லதாகவே இருந்தது. இரண்டு இடங்களிலும் நல்ல ஆட்கள் விலகிப் போனார்கள். தலைவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தை வைத்துப் பணியாளர் எதையும் தீர்மானிப்பதில்லை. வேலை ஒப்படைக்கப்படும்போது, தவறு வெளியே வரும்போது, மதிப்பீடு சொல்லப்படும்போது, ஒரு மணி நேரம் முன்னதாகப் போகலாமா என்று கேட்கும்போது அவருக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்தே தீர்மானிக்கிறார். ஆகவே இந்த வழிகாட்டியும் அந்தத் தருணங்களைச் சுற்றியே அமைகிறது.

குறிப்பேட்டிலிருந்து தொடங்குங்கள்

எந்தப் பாணியைக் கைக்கொள்வது என்று யோசிப்பதற்கு முன், இப்போது உங்களிடம் இருக்கும் பாணி எது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில், அந்த நாளில் உங்கள் குழுவைப் பாதித்த ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: முடிவை எடுத்தது யார், சம்பந்தப்பட்டவருக்கு அது எப்போது தெரிந்தது, காரணம் சொல்லப்பட்டதா, அவர் மறுத்துப் பேச இடம் இருந்ததா. ஏதேனும் தவறு நடந்திருந்தால், அதைக் கேட்டவுடன் உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். மாலையில் திருத்தி எழுதாதீர்கள். திருத்தினால் நீங்கள் ஆக விரும்பும் ஆளைப் பற்றிய குறிப்பாகிவிடும். என் முதல் குறிப்பேட்டில் பத்து நாளில் மூன்று முறை "இது எனக்கு ஏன் முன்பே தெரியவில்லை?" என்ற வாக்கியம் இருந்தது. அதைக் கேட்கும் ஒருவர் அடுத்த முறை எனக்கு எதையும் முன்பே சொல்லமாட்டார் என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாணிகளின் பெயர்கள் எதற்கு உதவும்

பெயர்களைச் சுருக்கமாக அறிந்துகொண்டால் குறிப்பேட்டைப் படிப்பது எளிது. 1939இல் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகியோர் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுச் சிறுவர்களின் கைவினைக் குழுக்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தலைவர் ஒவ்வோர் அடியையும் கட்டளையிட்டார். ஒருவர் சிறுவர்களோடு கலந்து முடிவெடுத்தார். ஒருவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார். கட்டளையிடும் தலைவர் அறையில் இருந்தவரை வேலை நடந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து முடிவெடுத்த குழுவில் தலைவர் போன பிறகும் வேலை பெரும்பாலும் தொடர்ந்தது. ஏறக்குறைய எல்லாச் சிறுவர்களும் இரண்டாவது வகைத் தலைவரையே விரும்பினார்கள். வயது வந்தவர்களின் பணியிடத்துக்கு இதை அப்படியே ஏற்றிவிட முடியாதுதான். ஆயினும், நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் உங்கள் துறையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் உங்கள் பாணி பாதி புரிந்துவிடும்.

1978இல் ஜேம்ஸ் மெக்கிரகர் பர்ன்ஸ் என்ற அரசியல் அறிஞர் தலைமையை இரண்டாகப் பிரித்துப் பேசினார். 1985இல் பெர்னார்ட் பாஸ் அதைப் பணியிடத்துக்கு விரிவாக்கினார். முதலாவது கொடுக்கல் வாங்கல் தலைமை: இன்னதைச் செய்தால் இன்னது கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லி, சொன்னபடி கொடுப்பது. இரண்டாவது உருமாற்றத் தலைமை: வேலையின் நோக்கத்தைக் காட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்து, அவர்கள் நினைத்ததற்கும் மேலாக வளரத் தூண்டுவது. பயிற்சி வகுப்புகள் இரண்டாவதையே உயர்த்திப் பேசும். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் 2004இல் திமோத்தி ஜட்ஜும் ரொனால்ட் பிக்கோலோவும் 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொன்னதைச் சொன்னபடி கொடுக்கும் தலைமை, பணியாளரின் மனநிறைவோடு உருமாற்றத் தலைமைக்குச் சற்றும் குறையாத தொடர்பு கொண்டிருந்தது தெரிந்தது. தலையிடாமல் விட்டுவிடும் தலைமைக்கு எதிர்மறையான தொடர்பே இருந்தது. ஆகவே, பேச்சாற்றல் இல்லாத மேலாளர் கவலைப்பட வேண்டியதில்லை. வாக்குத் தவறாமல் நடப்பதே அவருக்குப் பெரும் முதல்.

பள்ளியில்: நேரத்தைக் காப்பவரே தலைவர்

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பெற்ற பதில்களைக் கொண்டு ஒரு கருத்தை முன்வைத்தார்: மனநிறைவைத் தருபவை வேறு, மனக்குறையை உண்டாக்குபவை வேறு. சாதித்த உணர்வு, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு ஆகியவை முதல் வகை; நிறுவன விதிகள், மேற்பார்வை, சம்பளம், பணிச்சூழல் ஆகியவை இரண்டாவது வகை. பிற்காலத்தில் இந்தப் பிரிவினையை மறுத்தவர்கள் பலர். ஆயினும் பள்ளியைப் புரிந்துகொள்ள இது இன்றும் பயன்படுகிறது. ஓர் ஆசிரியரின் மனநிறைவு பெரும்பாலும் வகுப்பறைக்குள்ளேயே பிறக்கிறது. கடைசி வரிசைப் பையன் முதல் முறையாகத் தமிழில் ஒரு பத்தியைத் தானே எழுதி நீட்டும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை எந்தத் துறைத் தலைவராலும் கொடுக்க முடியாது. அந்த மகிழ்ச்சிக்கான நேரத்தைத் தின்றுவிட மட்டும் அவரால் முடியும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எண்களே சொல்கின்றன. பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு நடத்திய 2018ஆம் ஆண்டின் அனைத்துலக ஆசிரியர் ஆய்வில், சிங்கப்பூர் ஆசிரியர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 46 மணி நேரம் வேலை செய்வதாகவும், அதில் கற்பித்தலுக்குச் செல்வது ஏறத்தாழ 18 மணி நேரம் என்றும் தெரிவித்தார்கள். மீதமுள்ள நேரம் தாள் திருத்துதல், பாடம் தயாரித்தல், இணைப்பாட நடவடிக்கை, நிர்வாகம், பெற்றோருடனான தொடர்பு எனப் பிரிகிறது. துறைத் தலைவரின் கை நேரடியாகப் படுவது இந்த மீதத்தில்தான்.

ஆகவே பள்ளியில் முதல் வேலை கழித்தல். ஒரு தவணைக்குள் உங்கள் துறை நிரப்பும் படிவங்கள், அறிக்கைகள், கூட்டங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதை யார் படிக்கிறார்கள்?" என்று எழுதுங்கள். யாரும் படிக்காதவை குறைந்தது இரண்டேனும் இருக்கும். அவற்றை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இருந்தால் நிறுத்துங்கள், இல்லையென்றால் நீங்களே பள்ளி முதல்வரிடம் எடுத்துச் செல்லுங்கள். "மேலிடத்து முடிவு, நான் என்ன செய்ய?" என்று கைவிரிக்கும் துறைத் தலைவரை ஆசிரியர்கள் ஒரு தவணை பொறுத்துக்கொள்வார்கள், அடுத்த தவணையில் அவரிடம் எதையும் கொண்டுவர மாட்டார்கள். கேட்டுப் பார்த்து முடியவில்லை என்று திரும்பி வந்து சொல்பவரின் நிலை வேறு.

கலந்து பேசுவதிலும் கவனம் தேவை. எதைப் பற்றியும் கருத்துக் கேட்பது மரியாதை என்று நான் நினைத்தேன்; ஏற்கெனவே முடிவான ஒன்றுக்குக் கருத்துக் கேட்பது அவமதிப்பு என்று ஒரு மூத்த ஆசிரியர் எனக்கு விளக்கினார். அதன் பிறகு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னர் அனுப்பும் குறிப்பில், பேசப்படும் பொருள்களுக்குப் பக்கத்தில் "முடிவானது, தகவலுக்கு", "உங்கள் கருத்து வேண்டும், முடிவு என்னுடையது", "முடிவை நீங்களே எடுங்கள்" என்று மூன்றில் ஒன்றை எழுதத் தொடங்கினேன். கூட்டத்தின் நீளம் பாதியாகிவிட்டது.

மூத்தவர்களுக்கு வேலை ஒப்படைக்கும்போது வயது ஒரு சிக்கலாகும், குறிப்பாகத் தமிழ்த் துறையில். முப்பத்தைந்து வயதுத் தலைவர், தமக்குப் பாடம் நடத்தியவரின் வயதிலுள்ள ஒருவருக்குக் கட்டளையிட வேண்டியிருக்கும். குழைந்து கேட்டாலும் கடுமை காட்டினாலும் இருவருக்கும் சங்கடம்தான். வரம்பைத் தெளிவாகச் சொல்லி, உள்ளே முழு உரிமை கொடுப்பது இந்தச் சங்கடத்தைக் குறைக்கும்: "டீச்சர், உயர்நிலை மூன்றின் கேள்வித்தாளை இந்த முறை நீங்கள் அமைக்க வேண்டும். எந்தெந்தப் பகுதிகள் வர வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. பத்திகளைத் தெரிவு செய்வது முழுக்க உங்கள் பொறுப்பு. பதினெட்டாம் தேதி வரைவைக் கொடுத்தால் போதும். அதற்கு முன் நான் கேட்கமாட்டேன்." கடைசி வாக்கியம்தான் முக்கியம்; அதைச் சொன்ன பிறகு பன்னிரண்டாம் தேதி கேட்டுவிட்டால் எல்லாம் போயிற்று.

சிங்கப்பூரில் ஆசிரியர் பணி கற்பித்தல், தலைமைத்துவம், நிபுணத்துவம் என்று மூன்று பாதைகளில் செல்கிறது. வருடாந்தர மதிப்பீட்டின்போது, நன்றாகக் கற்பிக்கும் ஒருவரை அவர் கேட்காமலே தலைமைப் பாதைக்குத் தள்ளாதீர்கள். "நீங்கள் அடுத்து எதில் ஆழமாகப் போக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். மேலும், பள்ளி முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றப்படுவது இங்கு வழக்கம். முதல்வர் மாறும்போது ஆசிரியர்கள் பாதி அச்சத்தோடு இருப்பார்கள். அந்தச் சில மாதங்களில் துறைக்குள் எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல் வைத்திருப்பதும் ஒரு நல்ல தலைமைச் செயல்தான்.

நிறுவனத்தில்: பங்கிடுபவரே தலைவர்

வணிகத்தில் தலைவரின் கையில் வேறு பொருள்கள் இருக்கின்றன: வேலைநேரப் பட்டியல், மிகைநேர வேலை, போனஸ், விடுப்பு, பதவி உயர்வு. இவற்றின் அளவைவிட, இவை எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதுதான் அதிகம் பேசப்படும். சட்டம் ஓர் அடித்தளத்தை மட்டும் போடுகிறது. வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேரப் பகுதிக்குள் வரும் ஊழியர்களுக்குப் பொதுவாக வாரத்துக்கு 44 மணி நேரம், மிகைநேரம் மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்பன போன்றவை அதில் உள்ளன. ஆனால் தீபாவளிக்கு முந்திய நாள் யார் வேலைக்கு வருவது என்பதைச் சட்டம் சொல்வதில்லை.

இதற்கு நான் கண்ட எளிய வழி, விதியை முதலில் எழுதிவிட்டுப் பெயர்களைப் பின்னர் போடுவது. "பண்டிகை முதல் நாள் வேலை சுழற்சி முறையில் வரும், சென்ற ஆண்டு செய்தவர் இந்த ஆண்டு செய்ய வேண்டியதில்லை, மாற்றிக்கொள்ள விரும்புவோர் தாங்களே பேசி என்னிடம் சொல்லலாம்" என்று ஜனவரியிலேயே சுவரில் ஒட்டிவிட்டால், அக்டோபரில் சண்டை வராது. பெயரை முதலில் போட்டு விதியைப் பின்னர் கண்டுபிடிக்கும் மேலாளர், எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும், வேண்டியவர்களுக்குச் செய்பவர் என்றே பெயரெடுப்பார்.

வேலைநேரத்தை மாற்றிக் கேட்பவர்களின் விஷயத்தில் இப்போது நடைமுறையும் உண்டு. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் வகுத்து 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறைப்படி விண்ணப்பித்தால், இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும்; மறுத்தால் வணிகம் சார்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். பலர் இதை ஒரு படிவமாகவே பார்க்கிறார்கள். நான் இதை ஒரு வாய்ப்பாகப் பார்க்கச் சொல்வேன்: மறுப்பாக இருந்தாலும் இரண்டு வாரத்தில், நேரில், காரணத்தோடு சொல்லிவிட்டு, பிறகு எழுதிக் கொடுங்கள். மறுக்கப்பட்டதைவிட, இழுத்தடிக்கப்பட்டதுதான் மனத்தில் தங்கும்.

இனி, நம்மவர் நடத்தும் குடும்ப வணிகங்களில் நிலவும் ஒரு பாணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாளி ஊழியரைத் "தம்பி" என்பார். தம்பியின் தங்கை கல்யாணத்துக்குப் பணம் கொடுப்பார். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் தாமே அழைத்துச் செல்வார். அதே தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றால் மனம் உடைந்துபோவார். ஜிங்-லி ஃபார், போர்-ஷுவான் செங் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் சீன நிறுவனங்களை வைத்து இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள்: தந்தைவழித் தலைமை. அதில் அதிகாரம், பரிவு, ஒழுக்க முன்மாதிரி என்று மூன்று கூறுகள் உள்ளன. அதன்பின் வந்த ஆய்வுகளில் பரிவும் முன்மாதிரியும் மனநிறைவோடு சேர்ந்தே சென்றன. அதிகாரம் பெரும்பாலும் எதிர்த்திசையில் சென்றது. தேக்காவில் கடை நடத்தும் எந்த முதலாளியிடமும் இதைச் சொன்னால், "இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா?" என்று சிரிப்பார். ஆயினும் இதில் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு: இந்த மூன்றும் ஒன்றாகப் பிணைந்தவையல்ல. பரிவை வைத்துக்கொண்டு அதிகாரத்தைக் குறைக்க முடியும். அதற்கு, உதவியையும் வேலையையும் இரண்டு கணக்காக வைக்க வேண்டும். கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தை, ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிப் பேசும்போது நினைவூட்டாதீர்கள்; மனத்துக்குள்கூடச் சேர்த்துக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய கூலியைக் கொடுங்கள். "முடியாது" என்று சொன்னவரை மறுநாள் வழக்கம்போல் தேநீருக்கு அழையுங்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் ஊழியர்களின் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அவர்களுடைய அனுமதி முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஊரில் கடன் இருக்கலாம். அவர்கள் குறை சொல்லாமல் இருப்பதை மனநிறைவு என்று கணக்கிடாதீர்கள். அவர்களிடம் "எல்லாம் சரியா?" என்று கேட்டால் "சரி சார்" என்ற ஒரே பதில்தான் வரும். "இந்த வாரம் எந்த வேலை அதிக நேரம் பிடித்தது?" என்று கேட்டால் உண்மை தானாகவே வெளிவரும்.

தவறு வெளியே வரும் நேரம்

1990களில் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் கூடுதலாக நடக்கவில்லை, அவற்றை அஞ்சாமல் சொன்னார்கள் என்பதே அதற்கு விளக்கம். 1999இல் அவர் உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தை, அதாவது தவறைச் சொன்னால் தமக்குக் கேடு வராது என்று குழுவில் இருக்கும் நம்பிக்கையை, விரிவாக எழுதினார். பள்ளிக்கும் நிறுவனத்துக்கும் இங்கே வேறுபாடு இல்லை. குறிப்பேட்டில் நீங்கள் எழுதிய அந்த முதல் வாக்கியத்தை மாற்றுவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் நிறுவனத்தின் கிடங்கில் நான் பழகிக்கொண்டது இது: "அண்ணே, நேற்று இறக்கியதில் இரண்டு பேலட் இடம் மாறியிருக்கிறது. எந்த இடத்தில் மாறியது என்று சேர்ந்து பார்ப்போமா?" முதல் சில முறை செயற்கையாகத்தான் இருக்கும். யார் செய்தது என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேட்டாலும் பதில் கிடைக்கும். முதலாவதாகக் கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

கட்டளை முற்றிலும் கூடாது என்று சொல்லவில்லை. தீ, உயரத்தில் வேலை, ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதை, தேசியத் தேர்வு அறை ஆகியவற்றில் கலந்தாலோசனைக்கு இடமில்லை. அங்கே தெளிவான கட்டளைதான் பணியாளருக்கும் நிம்மதி. முதல் வாரத்தில் இருக்கும் புதியவருக்கும் அப்படியே. பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969இல் சொன்னதுபோல, பணியாளர் முதிர முதிரத் தலைவர் கட்டளையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நடைமுறையில் பலர் புதியவரைத் தனியே விட்டுவிட்டுப் பத்தாண்டு அனுபவமுள்ளவரின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

அளந்து பார்ப்பது

நான்கு பேர் கொண்ட துறையில் பெயரில்லாக் கருத்துக்கணிப்பு நடத்துவதால் பயனில்லை. யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே தனித்தனியாக, அலுவலக அறைக்கு வெளியே, கால் மணி நேரம் பேசுங்கள். 1969இல் பெட்ரீசியா ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய அளவுகோல் ஐந்து கூறுகளைத் தனித்தனியே கேட்கிறது: வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, சக பணியாளர்கள். இவற்றைப் பிரித்துக் கேட்பதில் பெரிய பயன் உண்டு. சம்பளத்தில் குறை, மேற்பார்வையில் நிறைவு என்று ஒருவர் சொன்னால், நீங்கள் சரிசெய்ய வேண்டியது எது, மேலே கொண்டுசெல்ல வேண்டியது எது என்று தெரிந்துவிடும். பெரிய நிறுவனமாக இருந்தால், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றம் ஆதரிக்கும் ஐவொர்க்ஹெல்த் என்ற இலவச இணையக் கருவியைப் பயன்படுத்தலாம். அது தனிநபர் பதில்களைக் காட்டாமல் நிறுவனத்துக்குத் தொகுப்பை மட்டும் தருகிறது. விலகிப் போகிறவரிடம் கடைசி நாளில் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள்; சான்றுக் கடிதம் தேவைப்படுபவர் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்.

மூன்று மாதம் கழித்து, அதே ஆட்களிடம், அதே கேள்விகளை, அதே வரிசையில் மீண்டும் கேளுங்கள். முதல் சுற்றில் "ஒன்றுமில்லை" என்றவர்கள் இரண்டாவது சுற்றில் ஆறேழு குறைகளை அடுக்கினால் அதிர்ச்சியடைய வேண்டாம். முன்பும் அவை இருந்தன, இப்போதுதான் உங்களிடம் சொல்கிறார்கள். அவற்றில் ஒரு வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றைத் தெரிந்தெடுத்து, மின்விசிறியை மாற்றுவதாக இருந்தாலும் சரி, புதன்கிழமைக் கூட்டத்தை நிறுத்துவதாக இருந்தாலும் சரி, சொன்னவரின் பெயரை வெளியிடாமல் செய்துவிட்டு, மற்றவற்றுக்கு எப்போது பதில் சொல்வீர்கள் என்ற தேதியை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.